அமராவதியின் கை

சின்னராசாவின் கால் முறிந்தது 2023 மாசியில், காலை பதினொரு மணிக்கு. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியோரத்தில், முரசுமோட்டையில் நெல் காயவிட்டிருந்த அத்தனை பேருடைய கண்ணுக்கும் முன்னால் அது நடந்தது. முறித்தவள் அவருடைய மனைவி அமராவதி. அவர்கள் வளவுக்கும் எங்கள் வளவுக்கும் இடையில் ஒரு தகர வேலிதான். அந்த வேலிக்கு இந்தப் பக்கம் நான் பதின்மூன்று வருடம் இருந்தேன். எல்லாம் கேட்டேன், பாதியைப் பார்த்தேன். கடைசியில் அவளிடம் அடியும் வாங்கினேன். ஆகவே இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

அமராவதியின் தகப்பன் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர். ஸ்கந்தபுரத்தில் காடு வெட்டி, கச்சானும் வாழையும் வைத்துப் பிழைத்தார். அமராவதி பத்து வயதில் மண்வெட்டி பிடித்தவள். முன்னங்கை ஆம்பிளைகளின் கை மாதிரி இருக்கும். தைத்த சட்டைகள் எல்லாம் அவளுக்குக் கைப்பக்கம்தான் முதலில் விட்டுப்போகும். 2009இல் தாயும் தகப்பனும் ஒரே பதுங்குகுழியில் போய்விட்டார்கள். அவளும் ஒரு அண்ணனும் மிஞ்சினார்கள்.

யுத்தம் முடிந்து எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் தண்ணீர் பவுசர் வண்டி வரும் நேரம் ஒரு பெரிய வரிசை நிற்கும். ஒருநாள் அந்த வரிசைக்குள் பூந்த ஒருத்தன், ஒரு கிழவியின் தண்ணீர்க் கானைக் காலால் தட்டிவிட்டான். அமராவதி தன்னுடைய கானைத் தூக்கி அவன் முகத்தில் அடித்தாள். மூக்கு உடைந்தது. அவள் திரும்பவும் கானைக் குழாயடியில் வைத்து, நிரப்பி, இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். வரிசையில் நாலைந்து பேருக்குப் பின்னால் நின்றவர் சின்னராசா. முரசுமோட்டையில் நாலு ஏக்கர் வயற்காணி உள்ள, யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. முப்பத்தொரு வயது. இந்தக் கதையை எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

"ரத்தம் வழியுது, அவன் கத்துறான், இவள் தண்ணி பிடிக்கிறாள். அண்டைக்கே முடிவெடுத்திட்டன், கட்டினா இவளைத்தான் கட்டுறது எண்டு."

அவருடைய தாய் அன்னபாக்கியத்துக்கு அது பிடிக்கவில்லை. தோட்டத்துச் சனம், பேச்சும் வேறு, சமையலும் வேறு என்று நாலு நாள் சாப்பிடாமல் கிடந்தா. மகன் கேட்கவில்லை. 2010இல் மீளக்குடியேறின கையோடு, கூரைக்குத் தறப்பாள் போட்ட வீட்டில் கலியாணம் நடந்தது. அவர் அந்தக் கையைப் பார்த்துத்தான் அவளைக் கட்டினார். கட்டிக்கொண்டு வந்தபிறகு அந்தக் கையை மடக்குவதே அவருக்கு வேலையாகிவிட்டது.

முதல் அடி மூன்றாம் கிழமை விழுந்தது. கூட்டாளிகள் இரண்டு பேர் வந்திருந்தபோது, குசினிக்குள் இருந்து அமராவதி தன் தாயின் தமிழில் கூப்பிட்டாள்.

"சோறு ஆக்கிட்டேன், சாப்பிட வாங்க."

கூட்டாளிகள் ஆளையாள் பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் போனபிறகு சின்னராசா உள்ளே போய்க் கையை ஓங்கினார். அவள் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுகியது. அவரால் அசைக்க முடியவில்லை. அப்போது மாமியார் வாசலில் வந்து நின்றா.

"விடடி கையை. உன்னை இஞ்சையிருந்து கலைச்சா எங்கை போய் நிப்பாய்? உனக்கு ஆர் இருக்கினம்?"

அண்ணன் அப்போது இன்னும் இராணுவத்தின் தடுப்பு முகாமில் இருந்தார். அமராவதி யோசித்துவிட்டுக் கையை விட்டாள். விட்ட உடனே அவர் மற்றக் கையால் அடித்தார்.

அதன்பிறகு அந்த வீட்டில் ஒழுங்குகள் வந்தன. அவர் சாப்பிட்டு முடியும்வரை அவள் நிற்க வேண்டும். கடைக்குப் போகக் கேட்க வேண்டும், போய்வந்த பிறகும் வந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அவர் கூப்பிட்டால் ஈரக்கையோடு என்றாலும் முன்னால் வந்து நிற்க வேண்டும். அவர் அவளை 'எடி' என்பார். அவள் 'இஞ்சாருங்கோ' என்பாள். அவளுடைய வாங்க, போங்க எல்லாம் ஒரு வருடத்துக்குள் வாருங்கோ, போங்கோ ஆகிவிட்டன. பேச்சுக்குப் பேச்சு அடித்தே அவர் அதைத் திருத்தினார். 2011இல் நிரோஜா பிறந்தாள். பிள்ளைப்பெற்று வந்த பதினெட்டாம் நாள், குழந்தை அழுததற்காகத் தாய்க்கு அடி விழுந்தது.

இதில் எங்களுக்கும் பங்குண்டு. ஒரு சிறுபோக நெல்லுக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீரை முறைவைத்து விட்டார்கள். அன்று எங்களுடைய முறை. என் கணவர் தயாபரன் வர நேரமாகிவிட்டதால், வரம்பில் நின்ற அமராவதியை நான்தான் கேட்டேன்.

"அக்கா, எங்கட பக்கம் ஒருக்காத் திறந்து விடுறீங்களோ?"

அவள் திறந்துவிட்டாள். தங்கள் வயலுக்கு இன்னும் பாயவேண்டியிருந்தது என்பது சின்னராசாவின் கணக்கு. அவர் வந்தார். ஒன்றும் கேட்காமல் அவளுடைய கூந்தலைச் சுருட்டிப் பிடித்து இழுத்துப்போய் வாய்க்காலுக்குள் தலையை அமுக்கினார்.

"உனக்கு எவ்வளவு தண்ணி வேணும்? குடி. வடிவாக் குடி."

தலை மேலே வரும், மறுபடி உள்ளே போகும். நான் வரம்பில் நின்று எண்ணினேன். ஏழு தரம். தயாபரன் சைக்கிளில் வந்து இறங்கினார். பார்த்தார். என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"அது குடும்பப் பிரச்சினை. நாங்கள் தலையிடக்கூடாது."

அன்று எங்கள் வயலுக்குத் தண்ணீர் நன்றாகவே பாய்ந்தது.

2016இல் அவள் ஒருமுறை பொலிசுக்குப் போனாள். அங்கே மேசைக்கு முன்னால் அவளை இருத்தி, "அவருக்குக் கோபம் வர நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டார்களாம். அவள் யோசித்துப் பார்த்து, அன்றைக்குக் கறிக்கு உப்புக் கூடிவிட்டது உண்மைதான் என்று சொன்னாளாம். சின்னராசாவைக் கூப்பிட்டுப் புத்தி சொன்னார்கள். அவர் தலையைக் குனிந்து கேட்டார். வரும் வழியில் மோட்டார்சைக்கிளை நிறுத்தி அவளுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, தண்ணீர் இறைக்கும் மெசினின் இரும்புக் கைபிடியால் அவளுடைய இடது மணிக்கட்டில் அடித்தார். எலும்பு உடைந்தது. வாய்க்காலில் விழுந்துவிட்டேன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னாள்.

மாதர் சங்கத்தில் இந்த விசயம் ஒருமுறை எடுபட்டது. அடுத்த கூட்டத்தில் கதைப்பம் என்று தள்ளிவைத்தோம். சங்கத்துக்குச் செயலாளர் நான்தான்.

2023 மாசிக்கு வருகிறேன். வெட்டு மெசின் வந்து போய் இரண்டு நாள். எல்லாரும் வீதியோரத்தில் தறப்பாள் விரித்து நெல் காயவிட்டிருந்தோம். பத்தரை மணிக்கு மழை இருட்டியது. நாங்கள் ஓடி ஓடிக் குவித்து மூடினோம். அமராவதி தனி ஆள், நெல்லோ அறுபது மூட்டைக்கு வரும். பாதியை மூடுவதற்குள் மழை கொட்டி, பத்து நிமிடத்தில் விட்டும்விட்டது. மில் பக்கம் போயிருந்த சின்னராசா அப்போதுதான் வந்தார். நனைந்த நெல்லைக் கையால் அள்ளிப் பார்த்தார். பக்கத்தில் பிடி கழன்று கிடந்த மண்வெட்டியின் பிடியை எடுத்தார்.

முதுகில் இரண்டு அடி. தொடையில் ஒன்று. அவள் வழக்கம்போலத் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குந்தினாள். நாலாவது அடியைத் தலைக்கு ஓங்கியபோது, ஈர நெல்லில் அவருடைய இரப்பர்ச் செருப்புச் சறுக்கியது. மல்லாக்க விழுந்தார். பிடி கையை விட்டு உருண்டு போய் அவளுடைய முழங்காலில் முட்டி நின்றது.

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். நானாகவும் இருக்கலாம்.

அமராவதி பிடியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். எழும்பி நின்றாள். பன்னிரண்டு வருடம் வாயில் வராத தமிழ் அப்போது வந்தது.

"எந்திரிய்யா. எந்திரிச்சு அடி."

அவர் ஒரு கையை ஊன்றி எழும்பப் பார்த்தார். அவள் வலது கணைக்காலில் அடித்தாள். சத்தம் ஈர விறகு முறிவதுபோல இருந்தது. அவர் "அம்மா" என்றார். இரண்டாவது தரமும் அதே இடத்தில் அடித்தாள். மூன்றாவது அடியோடு கால் இருக்கவேண்டிய பக்கத்தில் இல்லை. அதன்பிறகு அவள் பிடியைக் கீழே வைத்துவிட்டு, மிச்ச நெல்லைக் குவிக்கத் தொடங்கினாள். தயாபரனும் இன்னும் இரண்டு ஆம்பிளைகளும் சின்னராசாவை ஓட்டோவில் ஏற்றினார்கள்.

பல மாதத்துக்குப் பிறகு அவளே எனக்குச் சொன்னாள்.

"முதல் அடி பயத்திலை அடிச்சது, கிருசாந்தி. ரெண்டாவது கோவத்திலை. மூண்டாவது அப்பிடியில்லை. அது எனக்குப் பிடிச்சிருந்தது."

சின்னராசா ஆஸ்பத்திரியில் உழவு மெசினால் விழுந்துவிட்டேன் என்று சொன்னார். பெண்சாதி அடித்தாள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எலும்பு இரண்டு இடத்தில் போயிருந்தது. தகடு வைத்துக் கட்டி, மூன்று மாதம் காலை ஊன்றக்கூடாது என்று அனுப்பினார்கள்.

அவர் வீட்டுக்கு வந்த அன்று நான் வேலியடியில் நின்றேன். அமராவதி அவரைக் கட்டிலில் இருத்திவிட்டுச் சொன்னாள்.

"காலைத் தூக்கு."

தூக்குங்கோ என்று அவள் சொல்லவில்லை. அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் தகடு வைத்த இடத்தைப் பார்த்தாள். அவர் காலைத் தூக்கினார்.

அந்த வீட்டில் நடந்ததை நாங்கள் பேச்சை வைத்தே அளந்தோம். முதல் மாதம் 'எடி' நின்றது. இரண்டாம் மாதம் அவர் அவளை 'நீர்' என்றார். "இஞ்சாரும், ஒருக்கா வாருமன்" என்ற சத்தம் கேட்டுத் தயாபரன் சாப்பாட்டுக் கோப்பையோடு எழும்பி வேலிக்கு வந்தார். சித்திரை வருடப்பிறப்புக்குள் அது 'நீங்கள்' ஆகிவிட்டது. அவள் அவரை 'நீ' என்றாள். இதை எழுதும்போது நான் அவரை அவர் என்றும், என்னிலும் நாலு வயது மூத்த அவளை அவள் என்றும்தான் எழுதிக்கொண்டு வருகிறேன். திருத்திப் பார்த்தேன். கை கேட்கவில்லை.

ஒழுங்குகளும் மாறின. கக்கூசுக்குப் போக அவர் கேட்க வேண்டும். சிலநேரம் அவள் "பொறு" என்பாள். ஒருமுறை பொறுக்க முடியாமல் கட்டிலிலேயே போய்விட்டது. அவள் செருப்பைக் கழற்றி முகத்தில் அடித்தாள். பிறகு தண்ணீர் சுடவைத்து, துடைத்து, வேட்டி மாற்றிவிட்டாள். இரண்டு வேலையையும் அவளுடைய அதே கைதான் செய்தது. அடித்த வேகத்துக்குத் துடைத்த வேகம் குறைவில்லை.

அன்னபாக்கியம் ஒரு கிழமைக்குள் பக்கம் மாறினா. 'எடியே' என்றவ 'பிள்ளை' என்று கூப்பிடத் தொடங்கினா. "பிள்ளை, இவன் சின்னனிலையும் இப்பிடித்தான், ரெண்டு போட்டாத்தான் சொல்லுக் கேப்பான்" என்று அடிக்கு வழியும் சொல்லிக் கொடுத்தா. எங்கள் ஒழுங்கைத் தெருவில் உள்ள பெண்கள் எல்லாரும் அமராவதியைப் பார்க்க வந்தார்கள். ஒருத்தி ஒடியற்கூழ் கொண்டுவந்தாள், இன்னொருத்தி நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்தாள். சங்கத்துக்குத் தலைவியாக வரச்சொல்லிக் கேட்டோம். பின்னேரங்களில் நான் கதிரையை வேலியோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பேன். செருப்படி விழும்போது எனக்கு நெஞ்சுக்குள் குளிர்ந்தது. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

கால் பொருந்தியது. கொஞ்சம் வளைந்து பொருந்தியது. அவர் நொண்டி நொண்டி நடந்தார். இனி என்ன நடக்குமோ என்று ஒழுங்கை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. சின்னராசா சமைக்கப் பழகினார். நிரோஜாவுக்குத் தலை வாரி இழுத்துவிட்டார். வயலுக்கு மருந்து அடிப்பதா விடுவதா என்று வந்து கேட்டுவிட்டுப் போய் அடித்தார். ஒருநாள் தயாபரன் வேலிக்கு மேலால் கேட்டார்.

"என்ன சின்னராசா, ஒரு ஆம்பிளை இப்பிடி இருக்கலாமோ?"

சின்னராசா தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். திருவலையை விட்டு எழும்பாமலே சொன்னார்.

"தயாபரன், உனக்கு உண்மையைச் சொன்னா என்ன. இப்ப எனக்குத் தலைப்பாரமில்லை. முந்தி விடிஞ்சா எழும்பி, ஆருக்கு என்ன சொல்லுறது, ஆர் கேப்பினம், ஆர் கேக்கமாட்டினம் எண்டு ஒரே யோசினை. இப்ப அவா சொல்லுறா, நான் செய்யிறன். நல்லா நித்திரை வருது."

தயாபரன் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை.

அமைதி இல்லாமல் போனது அமராவதிக்குத்தான். அவர் பணியப் பணிய அவளுக்கு ஆத்திரம் கூடியது. கேள்வி கேட்டால், "இதையும் நானோ சொல்லவேணும்?" என்று அடித்தாள். கேட்காமல் செய்தால், "ஆரைக் கேட்டுச் செய்தனி?" என்று அடித்தாள். முன்பு அவரிடம் இருந்த குழப்பம் அப்படியே இவளிடம் வந்திருந்தது. ஐப்பசியில் ஒருநாள் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. அவள் அடுப்பிலிருந்து பானையைத் தூக்கி, கொதிக்கும் கஞ்சியை அவருடைய தோளில் ஊற்றினாள். தோள் முதல் முழங்கை வரைக்கும் தோல் உரிந்தது. அவருடைய சத்தம் மாட்டின் சத்தம்போல இருந்தது. அந்தமுறை எனக்குக் குளிரவில்லை. கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

புண் ஆறிவந்த ஒரு திங்கட்கிழமை சின்னராசா தனியாகப் பஸ் ஏறிப் பொலிசுக்குப் போனார். அங்கே நடந்ததைப் பிறகு தயாபரனிடம் சொன்னார். பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான மேசைக்குத்தான் அவரை அனுப்பினார்களாம். அங்கே இருந்தவ சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாவாம்.

"அவவுக்குக் கோபம் வர நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

அவர் யோசித்துப் பார்த்தார். "கஞ்சி அடிப்பிடிச்சிட்டுது" என்றார்.

"அப்ப வீட்டை போய் அவா சொல்லுறதைக் கேட்டு நடவுங்கோ."

"கேட்டுத்தான் நடக்கிறன்" என்றாராம். அதற்குப் பிறகு அங்கே யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. வீட்டுக்கு ஒரு அழைப்பும் எடுத்து, உங்களுடைய மனிசன் இங்கே இருக்கிறார், வந்து கூட்டிக்கொண்டு போங்கோ என்று சொன்னார்கள். அமராவதி போகவில்லை. வீதிப் பக்கத்து வேலியில் பூவரசங்கம்பு ஒன்றை முறித்து, இலையை உருவிவிட்டு, முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்தாள்.

அவர் நாலு மணிக்கு வந்தார். படலையைத் திறந்தவர் கம்பைக் கண்டார். திரும்பி ஓடவில்லை. முன்னால் வந்து நின்று கேட்டார்.

"சேட்டைக் கழட்டட்டோ?"

"கழட்டு."

அவர் சட்டையைக் கழற்றி, மடித்து, கொடியில் போட்டார். புண் ஆறிய தோல் சிவப்பாகப் பளபளத்தது. அவள் அதன்மேல்தான் முதலில் அடித்தாள். அவர் கையைத் தூக்கவில்லை. மூன்றாவது அடியில் தோல் வெடித்தது. ஆறாவதில் முழங்காலில் விழுந்தார். ஒவ்வொரு அடிக்கும் "ஓம், ஓம்" என்றார். எதற்கு ஓம் என்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை.

நான் எப்படிப் போனேன் என்று தெரியாது. ஒழுங்கையால் ஓடி, அவர்களுடைய படலையைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்குள் நின்றேன்.

"அக்கா, விடுங்கோ. ஆள் செத்துப்போவார்."

அவள் திரும்பினாள். முகம் முழுக்க வியர்வை.

"எந்தப் பக்கத்தாலை வந்தனி?"

"படலையாலை."

"எங்கட படலை எங்கை இருக்கெண்டு உனக்குத் தெரியுமோ? பதின்மூண்டு வரியம் உனக்கு அது தெரியேல்லையே, கிருசாந்தி. என்ரை கை முறிஞ்ச அண்டைக்குத் தெரியேல்லை. வாய்க்காலுக்கை என்ரை தலையை அமுக்கின அண்டைக்குத் தெரியேல்லை. உனக்காகத்தானேடி தண்ணியைத் திறந்தனான்."

அவள் கம்பை ஓங்கி என் தோளில் அடித்தாள். இரண்டாவது அடியில் கம்பு இரண்டாக முறிந்தது. நான் நிலத்தில் இருந்துவிட்டேன். சின்னராசா அந்தப் பக்கம் முழங்காலில், நான் இந்தப் பக்கம். பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று பிறகு யோசித்தேன்.

அப்போது நிரோஜா குசினிப் பக்கத்தால் வந்தாள். பன்னிரண்டு வயது. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை மாற்றவில்லை. கையில் புதிதாக முறித்த ஒரு பூவரசங்கம்பு, இலையும் உருவியிருந்தது.

"இந்தாங்கோ அம்மா" என்று நீட்டினாள்.

அவளுடைய முகத்தில் பயமும் இல்லை, கோபமும் இல்லை. குசினியில் அகப்பை எடுத்துக் கொடுப்பதுபோலக் கொடுத்தாள். அமராவதி கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. பிள்ளையின் விரல்களை, கம்பை, பிறகு என்னை, பிறகு அவரைப் பார்த்தாள். பின் கதிரையில் போய் இருந்தாள். கடைசியில் அன்னபாக்கியம் உள்ளேயிருந்து "பிள்ளை, மாட்டைக் கட்டேல்லையோ?" என்று கேட்டா. சின்னராசா எழும்பிப் போய் மாட்டைக் கட்டினார்.

மறுநாள் காலை அமராவதி இரண்டு பைகளோடும் நிரோஜாவோடும் பஸ்ஸுக்கு நின்றாள். தோளில் எண்ணெய் பூசிக் கட்டியிருந்த நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"நோகுதோ?" என்று கேட்டாள்.

"ஓம் அக்கா."

"நோகட்டும்." பைகளை நிலத்தில் வைத்தாள். "நான் இஞ்சை இன்னும் ஒரு கிழமை நிண்டா அந்தாளைக் கொன்றுபோடுவன். அதில்லை எனக்குப் பயம். கொன்றாப் பிறகு என்ன செய்யிறதெண்டு இவள் எனக்குச் சொல்லித் தருவாள்."

நிரோஜா பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கந்தபுரத்தில், தடுப்பிலிருந்து விடுபட்டு வந்திருந்த அண்ணன் அவளுக்கு அரை ஏக்கர் கொடுத்தார். கச்சானும் மரவள்ளியும் வைத்தாள். சின்னராசா நாலு மாதம் என்ன செய்வதென்று தெரியாமல் திரிந்தார். விதைநெல் எது எடுக்கிறது என்று தயாபரனைக் கேட்டார், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறது என்று தாயைக் கேட்டார். பிறகு மாதத்துக்கு ஒருமுறை ஒரு மூட்டை அரிசியோடு ஸ்கந்தபுரத்துக்குப் போகத் தொடங்கினார். அவள் அவரைப் படலையில் நிறுத்தித்தான் கதைப்பாள். "வாங்கோ, இருங்கோ, பிள்ளை வருவாள்" என்பாள். தபால்காரரோடு கதைப்பதும் அப்படித்தான். நிரோஜா முதலில் தகப்பனோடு கதைக்கவே மறுத்தாள். இப்போது கதைக்கிறாள், ஆனால் குரலை உயர்த்தினால் தாய் அடுப்படியிலிருந்து ஒரு பார்வை பார்ப்பாள். பிள்ளையின் கையில் தடி ஒன்றும் இருக்கக்கூடாது என்பதில் அவள் கண்டிப்பு. ஆடு கலைக்கவும் விடமாட்டாள்.

அங்கே அவள் ஒரு வேலை தொடங்கியிருக்கிறாள். யாரும் கேட்டுத் தொடங்கியதில்லை. ஏதாவது வீட்டில் அடிக்கிற சத்தம் கேட்டால், படலையைத் திறந்து நேரே உள்ளே போவாள். ஒன்றும் கேட்கமாட்டாள், தடுக்கவும் மாட்டாள். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, "ஒரு தேத்தண்ணி தாங்கோ" என்பாள். ஓங்கின கை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும். வந்த ஆளுக்குத் தேத்தண்ணி வைக்க வேண்டும். அடி வாங்கினவள் எழும்பி அடுப்படிக்குப் போவாள், அல்லது அமராவதி அடித்தவனையே பார்த்து "தம்பி, நீங்கள் வைக்கமாட்டீங்களோ?" என்பாள். தேத்தண்ணி முடிந்தாலும் எழும்ப மாட்டாள். இருட்டும்வரை ஆடு, உரம், மழை என்று கதைத்துக்கொண்டு இருப்பாள். சில ஆம்பிளைகள் இதற்குப் பயந்தே சத்தத்தைக் குறைத்தார்கள். சிலர் குறைக்கவில்லை.

போன ஆவணியில் சதீஸ் என்ற ஒருத்தன், தன் வீட்டில் வந்து கதிரையில் இருந்த அமராவதிமேல் அலுமினியச் சட்டியை எறிந்தான். புருவத்துக்கு மேலே ஆறு தையல். கேள்விப்பட்டு நான் கிளிநொச்சிக்குப் போய் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். கட்டிலில் கால் நீட்டி இருந்தாள். அடுத்த கட்டிலில் சதீசின் மனைவி, முழங்கை கட்டியபடி, அவளுக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"திருப்பி அடிக்கேல்லையோ அக்கா?" என்று கேட்டேன்.

அவள் தன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்தாள். விரல்களை மடக்கி விரித்தாள்.

"கை போனது. போகேல்லை எண்டு பொய் சொல்லமாட்டன். கதிரையின்ரை கையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். பிளாஸ்ரிக் கதிரை, அது வெடிச்சுப்போச்சு."

சதீசின் மனைவி தோடம்பழத்தை நீட்டினாள்.

"நீங்கள் இஞ்சையிருந்து வெளிக்கிட்டுப் போன உடனை அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவீங்களோ அக்கா?" என்று நான் கேட்டேன்.

"ஏன் போகாமல்? அண்டைக்கு வைச்ச தேத்தண்ணி இன்னும் நான் குடிக்கேல்லை" என்றாள் அமராவதி. பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "சீனி கொஞ்சம் குறைச்சுப் போடு பிள்ளை" என்றாள்.